கட்டைவிரலைப் பார்த்துக் கை தூக்கியவர்கள்

நான் வேலை பார்த்த ஜல்லி கிரஷரில் போன மாதம் பாதுகாப்பு வார விழா என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் அங்கே கல் போகிற பெல்ட் ஒரு பக்கமாக இழுத்தால் எனக்குத்தான் போன் வரும். அந்த உரிமையில் போனேன். பந்தல், மைக், சால்வை எல்லாம் இருந்தது. ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு காதுமூடி மாட்டிப் போட்டோ எடுத்தார்கள். நம் ஆட்கள் அதை ஹெட்போன் என்பார்கள். போட்டோ முடிந்ததும் ஆபீஸ் ஆள் ஒருவர் அட்டைப் பெட்டியோடு வந்து எல்லார் தலையிலிருந்தும் கழற்றி உள்ளே போட்டார். ஏன் என்று கேட்டேன். அழுக்காகிவிடுமாம், அடுத்த வருஷம் விழாவுக்கு வேண்டுமாம். பத்து நிமிஷத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. அதே ஆட்கள் வெறும் காதோடு மெஷின் மேடை ஏறினார்கள்.

என்னை மைக்கில் அனுபவம் சொல்லச் சொன்னார்கள். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இப்போது மேஸ்திரியாக இருக்கும் சக்திவேல் பின்னாலேயே வந்து, "கோவிச்சிக்காதீங்க மேஸ்திரி. பேச வேணாம்னா எழுதியாவது குடுங்க, சங்கத்து மலர்ல போட்டுடறோம்" என்றான். எழுதுகிறேன். அஞ்சாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கையால் ஜல்லி உடைத்துத் தொடங்கியவன். கிரஷர் வந்ததும் அங்கே கிரீஸ் அடிக்கப் போனேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. அண்ணாந்து பார்த்தும் அடி வாங்கியும் கற்றது. இருபத்தெட்டு வயதில் மேஸ்திரி. ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங் மேலும் இன்னொரு முனையை இடது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பிலும் வைத்துக் கேட்பேன். உள்ளே குண்டு தேய்ந்திருக்கிறதா, கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் மீட்டர் வைத்து நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பேரிங்கை நான் கேட்டுவிட்டு, "மூணு நாள் தாங்குனா அதிசயம்" என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் புகைந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் இருந்த கிரஷர்க்காரர்கள் எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

கிரஷரைப் பார்க்காதவர்களுக்கு அந்தச் சத்தம் புரியாது. டிப்பர் பாறையைக் கொண்டுவந்து ஹாப்பர் என்கிற இரும்புத் தொட்டியில் கொட்டும். வெறும் இரும்பின் மேல் பாறை விழுகிற சத்தம் அது. கீழே இரண்டு இரும்புத் தாடைகள் அதை மெல்லும். அதைத்தான் ஜா என்கிறோம். மென்ற கல் பெல்ட்டில் ஏறி, பெரிய சல்லடையில் விழுந்து குலுங்கி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி என்று பிரியும். ஜா மேடையில் நிற்பவனுக்கு அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கும். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும்.

புதிதாக வருகிறவன் முதல் வாரம் சாயங்காலம் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவான். உள்ளே கொய்யென்று வண்டு கத்துகிறது என்பான். மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டில் கொஞ்சம் கிழித்துக் காதில் திணித்துக்கொள்ளச் சொல்வேன். அந்தத் துணியால் ஒரு புண்ணியமும் கிடையாது என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் போகும். ஒருநாள் அவனே வந்து, "மேஸ்திரி, காது பழகிடுச்சு" என்பான். எங்கள் தொழிலில் அந்த ஒரு சொல்தான் பாஸ் மார்க். பழகிடுச்சு என்று சொன்ன பிறகுதான் அவனை ஆள் கணக்கில் சேர்ப்பேன். என்னிடம் வந்தால் சீக்கிரம் காது பழகிவிடும் என்று நான் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அந்த வாயை இப்போது என்ன செய்வது.

மாதையன் அப்படிப் பழகியவன். பென்னாகரம் போகிற வழியில் ஊர். ஜா மேடையும் மெயின் சுவிட்சும் அவன் பொறுப்பு. பதினோரு வருஷம் அங்கேயே நின்றான். அதிகம் பேச மாட்டான். நல்ல வேலைக்காரன் என்பதால் அவனை வேறு இடத்துக்கு மாற்ற எனக்கு மனசே வரவில்லை.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். கூட்டுகிறவரைக்கூட வாங்க, போங்க என்பார். அவருடைய அறை ஜன்னல் மெஷினுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், அதற்கும் இரட்டைக் கண்ணாடி. மெஷின் பக்கம் வந்தால் காரை விட்டு இறங்க மாட்டார், கண்ணாடியையும் இறக்க மாட்டார். எதையும் ஒரே தடவைதான் சொல்வார், அதுவும் தனக்கே சொல்லிக்கொள்வது போல. யாராவது "என்னங்க சார்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்லாமல் பேப்பரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதனால் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாரும் தலையாட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும்.

ஒரு வருஷம் காது பரிசோதனை முகாம் வந்தது. ஷெட்டுக்குள் மேஜை போட்டு, ஒரு டெக்னீஷியன் சின்ன மெஷினோடு உட்கார்ந்தார். எதிரே உட்காருகிறவனுக்கு ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க, எவ்ளோ சன்னமா இருந்தாலும் தூக்குங்க" என்றார். முந்தின நாள்தான் மேனேஜர் மெதுவாக என்னிடம், காது சரியில்லாதவங்களை மெஷின்ல வச்சுக்க முடியாதுங்க என்று சொல்லியிருந்தார். ஆட்கள் எல்லாருக்கும் வேலை போய்விடும் என்று பயம்.

முதலில் நான் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷத்தில் சூட்சுமம் பிடித்துவிட்டேன். அந்த மனிதர் பட்டனை அழுத்தும்போது கட்டைவிரல் நகம் வெளுக்கும். மறைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுந்து வெளியே வந்து ஆட்களிடம் சொன்னேன்: "காதுல கேக்கறத உடுங்கடா. அந்தாள் கட்டவெரல பாருங்க. வெரல் அசைஞ்சா கையத் தூக்கு." எல்லாரும் பாஸ். ஒருத்தன்கூடத் தவறவில்லை. மேனேஜர் எல்லார் சர்ட்டிபிகேட்டையும் ஃபைல் போட்டுவிட்டார். இருபத்தோரு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு மீசையை முறுக்கினேன்.

பெல்ட்டை நிறுத்த எங்களிடம் இருந்த ஒரே வழி விசில். நீளமாக ஒன்று ஊதினால் நிறுத்து, சின்னதாக இரண்டு ஊதினால் ஓட்டு. அதுவும் நான் கொண்டுவந்த ஏற்பாடுதான். கடையில் பத்து விசிலை ஊதிப் பார்த்து, எது ரொம்பக் கூர்மையாகக் கத்துகிறதோ அதை வாங்கினேன். என் விசில் வத்தல்மலை வரைக்கும் கேட்கும் என்று சொல்லுவேன்.

அடுத்த வருஷம் ஒரு காலை வேளை. குப்புசாமி என்கிற பெல்ட் ஆள், பெல்ட் சுற்றுகிற கீழ் டிரம்மில் ஒட்டிய சேற்றைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஓடுகிற பெல்ட்டில் அதைச் செய்யக் கூடாது. எல்லாரும் செய்வோம். கம்பி மாட்டி, கம்பியோடு கையும் உள்ளே போனது. நான் விசிலை ஊதினேன். மாதையன் முப்பது அடி தள்ளி மேடையில் சுவிட்சுக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பவில்லை. மூச்சு போகும்வரை ஊதினேன். அவன் கடப்பாறையால் கல்லை நெம்பிக்கொண்டே இருந்தான். நான் ஓடி, இரும்புப் படி ஏறி, என் கையால் சுவிட்சைத் தட்டினேன். அதற்குள் குப்புசாமிக்கு இரண்டு விரல் போய்விட்டது.

மெஷின் நின்ற அமைதியில் மாதையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னா மேஸ்திரி, ஏன் நிறுத்தனீங்க?" என்றான். கன்னத்தில் அறைந்தேன். "காது என்னாடா செவுடா உனக்கு?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. முந்தின நாள் லீவு விஷயத்தில் அவனைத் திட்டியிருந்தேன். அந்தத் திமிரில்தான் திரும்பவில்லை என்று நினைத்தேன். மேனேஜரிடமும் அப்படியே சொன்னேன். வேண்டுமென்றே செய்தான் என்று என் வாயால் சொன்னேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவனுக்குக் கடிதம் போனது. வேலை போவதோடு நிற்காது, போலீஸ் கேஸும் வரும் என்று ஆபீஸில் பேச்சு.

நாலு நாள் கழித்து மாதையன் சம்சாரம் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. பாப்பா அப்பா அப்பான்னு முதுகுக்குப் பின்னால நின்னு கூப்புடுது, அவரு திரும்பறதில்ல. ஃபோன் அடிச்சா எடுக்கறதில்ல. டிவிய தெருவுக்கே கேக்கற மாதிரி வெக்கறாரு. எங்கிட்ட கோவம்னு நெனச்சு ரெண்டு வருசமா நானும் மூஞ்சி குடுத்துப் பேசல. உங்ககிட்டயும் கோவம், பாப்பாகிட்டயும் கோவமா? ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் ஒரு மனுசனுக்குக் கோவம் இருக்குமா?"

அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். மாதையனை எனக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து உட்காரச் சொன்னேன். பின்னால் நின்று கனத்த குரலில் உரக்க, "மாடு கட்டியாச்சா?" என்றேன். கட்டியாச்சுங்க என்றான். சாவிக்கொத்தைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினேன். அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். தெருவில் இரண்டு நாய் குரைத்தது. அவன் காலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

முன்னால் போய் நின்று, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"இது ஒண்ணுமில்லீங்க மேஸ்திரி," என்றான். "காது பழகிடுச்சு, அவ்ளோதான்."

மறுநாள் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். காது டாக்டர் ஒரு அம்மா. அவனைச் சத்தம் நுழையாத சின்ன அறைக்குள், மெஷினுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். கட்டைவிரல் தெரிய வழியே இல்லை. முடிந்ததும் அந்த அம்மா காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது. கூர்மையான சத்தம்தான் முதலில் போகுமாம். விசில், ஃபோன் மணி, குழந்தைக் குரல், எல்லாம் அந்தப் பள்ளத்தில். கனத்த சத்தம் கேட்கும் என்பதால் ஆளுக்கே தெரியாதாம். பத்து விசிலில் மிகக் கூர்மையானதைத் தேடி வாங்கினேனே, அதை நினைத்துக்கொண்டேன்.

"பழகிடுச்சுன்னு எல்லாரும் சொல்வோம்மா" என்றேன்.

"பழகலைங்க, செத்துப்போச்சு. கேழ்வரகு நாத்து மேல ஒருநாள் டிராக்டர் ஏறுனா நிமிரும். தெனமும் ஏத்துனா? செத்தது வலிக்காதுங்க, அதனால பழகுன மாதிரி தெரியும். இத எந்த மருந்தாலயும் கொண்டுவர முடியாது. மிச்சம் இருக்கறத மட்டும்தான் காப்பாத்தலாம்" என்றார். என்னையும் உட்கார வைத்தார்கள். என் காது விவரத்தை இங்கே எழுதப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். எழுதித் தொலைக்கிறேன். கம்பி வைத்துக் கேட்ட இடது காதில் பாதிதான் மிச்சம்.

அந்த அம்மா சொன்னதையும் நான் பின்னால் செய்து பார்த்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், விழா மேடையில் எவனும் சொல்ல மாட்டான். கை நீட்டுகிற தூரத்தில் நிற்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால் அந்தச் சத்தம் உன் காதைத் தின்கிறது. மீட்டர் வேண்டாம், அது போதும். பஞ்சு மாதிரி அமுங்குகிற அடைப்பான் தருகிறார்கள். அதைச் சும்மா காது ஓரத்தில் சொருகினால் கம்மலுக்குத்தான் சமம். கையைக் கழுவு. அதை விரலால் உருட்டிக் குச்சி மாதிரி மெலிசாக்கு. மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலேயும் பின்னேயும் இழு. உள்ளே விடு. அது உப்பி அடைக்கும்வரை விரலால் பிடித்துக்கொள். உன் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாகப் போட்டிருக்கிறாய். பேசுவதற்காக நடுவில் நடுவில் கழற்றுகிறவன் போடாதவனுக்குச் சமம். ஜா மேடையில் நிற்பவன் அதற்கு மேல் காதுமூடியும் போட வேண்டும், ஒரே ஆளை நாள் முழுக்க அங்கே நிறுத்தவும் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் சத்தத்தையே குறைக்க வேண்டும். நான் அறுந்த பழைய பெல்ட்டை வெட்டி ஹாப்பருக்குள் போல்ட் போட்டு முடுக்கினேன். பாறை இரும்பில் விழாமல் ரப்பரில் விழுந்தது. அந்த வித்தியாசத்தைக் கேட்க அடுத்த கிரஷரிலிருந்து ஆள் வந்தார்கள். விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுற்றுகிற சிவப்பு விளக்கும், பெல்ட் நீளத்துக்கு இழுத்தால் நின்றுவிடுகிற கயிறும் வைத்தேன். எந்த இன்ஜினியரும் சொல்லி நான் செய்யவில்லை. ஆனால் இதெல்லாம் குப்புசாமியின் விரல் போன பிறகு. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நான் மனுஷன் இல்லை.

விசாரணைக்கு வருகிறேன். மேனேஜர் அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் மாதையனும் நானும். ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினேன். மேனேஜர் அதை மடிப்புக் கலையாமல் பார்த்துவிட்டு, ஃபைலிலிருந்து முகாம் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். போன வருஷம் நம் முகாமில் இவருக்கு இரண்டு காதும் நன்றாக இருந்திருக்கிறது என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் இப்படி ஆகியிருந்தால் அது கிரஷரால் ஆனதாக இருக்காது, மாரியம்மன் பண்டிகையில் ஸ்பீக்கர் பக்கம் நின்றிருப்பார் என்றார். இல்லையென்றால் இப்போது ஆஸ்பத்திரியில் கேட்காத மாதிரி நடித்திருப்பார் என்றார். எல்லாம் அதே மெதுவான குரலில். மாதையன் தலையாட்டிக்கொண்டிருந்தான். தன்னை நடிப்புக்காரன் என்று சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மேனேஜரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த சர்ட்டிபிகேட் மேனேஜர் எழுதியது இல்லை. அது என் கைவேலை. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் காகிதம் அவனைத் தின்றுவிடும்.

"சார், அந்த டெஸ்ட் பொய்" என்றேன். "டெக்னீஷியன் வெரலப் பாத்துக் கையத் தூக்கச் சொல்லி ஆளுங்களுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். இருவத்தோரு சர்ட்டிபிகேட்டும் பொய். வேணும்னே திரும்பலன்னு இவன் மேல சொன்னதும் தப்பு. இவனுக்கு விசில் கேக்கவே கேக்காது."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். நான் இதை லேபர் ஆபீஸில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு, மாதையன் இருக்கட்டும், தண்ணி வண்டிக்கு மாத்திடுங்க என்றார். நீங்க நாளையிலிருந்து மேஸ்திரி இல்லைங்க என்றார், வாங்க, சாப்பிடுங்க என்று சொல்கிற அதே குரலில். எட்டு மாதம் கிரீஸ் டப்பா தூக்கினேன். பிறகு அவர்களே கூப்பிட்டு மேஸ்திரி ஆக்கினார்கள், என்னைத் தவிர யாருக்கும் அந்த மெஷின் அடங்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷின் நின்றிருந்தது. ஆட்கள் ஷெட் நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா சொன்னாரு? வேல இருக்குதுங்களா?" என்று மாதையன் கேட்டான். உள்ளே பேசியதில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு எட்டியிருக்கவில்லை. இருக்கிறது என்று கையைக் காட்டினேன்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

மெதுவாகச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தான். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். உதட்டையே பார்த்தான், புரியவில்லை. வேறு வழியில்லாமல் கத்தினேன். கட்டைவிரல் கதையை, பொய் சர்ட்டிபிகேட்டை, வேண்டுமென்றே செய்தான் என்று நான் போட்டுக்கொடுத்ததை, எல்லாவற்றையும் அந்த வெயிலில் நின்று கத்தினேன். ஷெட்டில் சாப்பிடுகிற கை எல்லாம் நின்றுவிட்டது.

அவன் கேட்டு முடித்து, கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "அப்ப அறைஞ்சீங்களே, அது?" என்றான்.

"தப்புதான்டா" என்றேன்.

"ஆங்?"

"தப்புதான் மாதையா" என்று கத்தினேன்.

"கேக்கலீங்க."

"நான் உன்ன அறைஞ்சது தப்பு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த வயலில் களை எடுத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் கண் ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது. இந்தத் தடவை அவனுக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். கேட்டது எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலீங்க மேஸ்திரி, இன்னொருக்கா சொல்லுங்க" என்றான்.

இன்னொரு தடவையும் கத்தினேன்.